3டி சிற்பக் கோப்புக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்

புதுச்சேரியில் யாரிடமாவது 3டி சிற்பம் செய்யக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எனக்குத் தேவைப்பட்டது, வில்லியனூர் சுடுமண் குதிரையின் சாயலில் 9 அங்குல அய்யனார் குதிரை. கடையில் பரிசுப் பொருளாக விற்பதற்கு. நகருக்குள் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில் இசட்பிரஷில் (கணினியில் சிற்பம் செதுக்கும் மென்பொருள்) செய்யக் கொடுத்தேன். "எல்லா ஃபார்மேட்டும் தந்துடுவோம் சார்" என்பதுதான் பேச்சு. காட்டிய படம் அருமையாக இருந்தது. கழுத்து மணிகளின் நாக்குகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. முக்கால் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வந்த எஸ்டிஎல் கோப்பு (உருவத்தின் மேற்பரப்பைக் குட்டி முக்கோணங்களாக வைத்திருக்கும் 3டி பிரிண்ட் கோப்பு) வெறும் 600 கேபி. பிரிண்ட் எடுத்தால் குதிரையின் கன்னம் பட்டை தீட்டிய கல் மாதிரி தட்டைத் தட்டையாக இருக்கிறது. மணிகள் எல்லாம் உருண்டைகள். பைனரி எஸ்டிஎல்லில் ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். 600 கேபி என்றால் சுமார் 12,000 முக்கோணங்கள்தான். அதில் மணி எங்கே, நாக்கு எங்கே? இசட்பிரஷில் சிற்பம் பல அடுக்குகளாக இருக்கும், மேலே போகப்போக நுணுக்கம் கூடும். எந்த அடுக்கில் நிற்கிறோமோ அதுதான் கோப்பாக வெளியே வரும். படத்தை மேல் அடுக்கிலும் கோப்பைக் கீழ் அடுக்கிலும் எடுத்திருக்கிறார்கள்.

சரி, அவசரத்தில் நடந்திருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். அப்புறம்தான் வேலையைக் காட்டினார்கள். மறுநாளே 150 எம்பியில் ஒரு கோப்பு. "இப்ப ஹை குவாலிட்டி சார்." பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் திறந்து ஃபிளாட் ஷேடிங் (தட்டைகளை மழுப்பாமல் அப்படியே காட்டும் முறை) போட்டுப் பார்த்தேன், அதே தட்டைகள். கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேமில் ஒவ்வொரு தட்டைக்குள்ளும் பொடிப்பொடியாக முக்கோணங்கள். பழைய 12,000-ஐ நான்கு முறை சப்டிவைட் செய்தால் (ஒவ்வொரு முறையும் ஒரு முக்கோணம் நான்காகும்) 30 லட்சத்தைத் தாண்டும். எஸ்டிஎல்லில் அது சரியாக இந்த 150 எம்பிதான். கோப்பு பெருத்ததே தவிர, மணிக்கு நாக்கு முளைக்கவில்லை. இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

அளவும் தப்பு. எஸ்டிஎல்லில் அலகு என்பதே கிடையாது, 9 அங்குலக் குதிரையை ஸ்லைசர் (பிரிண்டருக்குக் கோப்பைத் தயார்செய்யும் மென்பொருள்) 9 மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. 25.4 மடங்கு பெருக்கிக்கொண்டோம், அதை விடுங்கள்.

மோல்டுக்கு ஸ்டெப் கோப்பு (இயந்திர பாகங்கள் மாதிரி வடிவமைப்புக்கான கோப்பு வகை) கட்டாயம் வேண்டும் என்று தனியாக ஒரு தொகை வாங்கியதுதான் வயிற்றெரிச்சல். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் மோல்டு போடுகிற தம்பி அதைத் திறந்ததுமே கணினி ஹேங் ஆகிவிட்டது. முக்கோணம் ஒவ்வொன்றையும் ஒரு தனி முகமாக மாற்றி வைத்திருந்தார்கள். "இதை யாரு சார் கேட்டது? இந்த மாதிரி உருவத்துக்கு நல்ல எஸ்டிஎல் இருந்தாலே ஓட்டிடலாமே" என்றார்.

எல்லா அடுக்கும் உள்ள இசட்பிரஷ் மூலக் கோப்பைக் கேட்டால் "அது கம்பெனி ரகசியம்" என்கிறார்கள். அதனால் மூலக் கோப்பும் உங்களுக்குத்தான் என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், படத்தை அல்ல, ஏற்றுமதியான கோப்பையே உங்கள் எதிரில் திறந்து ஃபிளாட் ஷேடிங்கில் காட்டச் சொல்லுங்கள். தட்டைகளை மழுப்பிக் காட்டும் ஸ்மூத் ஷேடிங்கில் பாதிக் குறை மறைந்துவிடும்.

மீதிக் கால் பணத்தைக் கேட்டு இன்னும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துகொண்டிருக்கிறது. மூலக் கோப்பு வரட்டும், அன்றைக்கே போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.