துளைவழிச் சிறுநீரக அறுவை சிகிச்சை: மதுரை மருத்துவமனை ஒன்றில் எங்கள் அனுபவம்

என் தம்பியின் இடது சிறுநீரகம் சிறுநீர்க்குழாயோடு சேரும் இடம் பிறவியிலேயே குறுகியிருந்ததால், தண்ணீர் அதிகம் குடித்த நாள்களில் விலாவுக்குக் கீழே வலி கிளம்பும். வாயுப்பிடிப்பு என்றெண்ணிப் பல ஆண்டுகளைப் பூண்டுப்பாலிலேயே ஓட்டிவிட்டோம். சிறுநீர் தேங்கிய சிறுநீரகத்தின் வீக்கத்தைப் பார்த்ததுமே அறுவைக்கு நாள் குறிக்காமல், அடைப்பு உண்மையிலேயே சிறுநீரை மறிக்கிறதா, அந்தச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அறிய டிடிபிஏ ஸ்கேன் எடுக்கச் சொன்ன மருத்துவரின் நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, நல்ல முனைகளைத் தைத்து இணைக்கும் இந்தப் பைலோபிளாஸ்டி, 1949இல் ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற அறுவை மருத்துவர்கள் விவரித்த முறைதான். முன்பு விலாவோரம் நீளமாகக் கிழித்துச் செய்ததை இப்போது சில சிறு துளைகள் வழியே முடித்துவிடுகிறார்கள். மறுநாளே தம்பி சிறுநீர் சேகரிக்கும் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் நடந்தான்.

குறையும் உண்டு. தைத்த இடம் ஆறும்வரை சிறுநீர் இறங்க உள்ளே வைத்த ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாய் இருக்கும் ஆறு வாரமும் அடிக்கடி சிறுநீர் முட்டும், சில வேளை சிவந்தும் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ஒரு நள்ளிரவில் பதறியடித்து ஓடினோம். அதை அகற்றும் கட்டணமும் முதலில் பேசிய தொகையில் சேரவில்லை. பணம் கட்டுமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் சிறுநீர் தடையின்றி இறங்கியது.