பாசிக்குடாவுக்கு ஒன்று, குமணவுக்கு ஒன்று: எந்தக் கமரா?

சின்னக் கமரா எடுக்க நினைக்கிறவர்கள் கடைசியில் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நிற்கிறார்கள்: ஒலிம்பஸ் டிஜி-6, சொனி ஆர்எக்ஸ்100 எம்7. இரண்டும் 2019இல் வந்தவை.

விலை: அறிமுகத்தில் ஒலிம்பஸ் ஏறக்குறைய 450 டொலர், சொனி 1,200. இந்த இடைவெளியே பலருக்கு முடிவைச் சொல்லிவிடும்.

தண்ணீர், மணல்: ஒலிம்பஸ் 15 மீற்றர் ஆழம் வரை தாங்கும். லென்ஸ் வெளியே நீளாது, அதனால் மணல் புகவும் வழி குறைவு. பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டே படம் எடுக்கலாம். சொனிக்கு அந்தக் காப்பு எதுவுமில்லை. நீண்டு சுருங்கும் லென்ஸ் வேறு. அறுகம்பைக் காற்றில் அதைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே மனம் வராது.

படத்தரம்: இங்கே சொனிக்குக் கிட்டவும் ஒலிம்பஸ் வராது. சொனியில் 1 அங்குல சென்சார் (ஒளியைப் பிடித்துப் படமாக்கும் பகுதி), 20 மெகாபிக்சல். ஒலிம்பஸில் சென்சார் மிகச் சிறிது, 12 மெகாபிக்சல்தான். மாலை மங்கிய பிறகு கல்லடிப் பாலத்தை எடுத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

தூரம்: லென்ஸின் குவியத்தூர எண் கூடக்கூட, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். சொனி 24–200 மி.மீ., ஒலிம்பஸ் 25–100. குமண பறவைகள் சரணாலயத்தில் நாரைக் கூட்டத்துக்கு 200 ஒருமாதிரிச் சமாளிக்கும். சின்னக் குருவிக்கு அதுவும் போதாது.

எடை: ஒலிம்பஸ் 253 கிராம், சொனி 302 கிராம். சட்டைப்பைக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிள்ளைகளோடு கடலுக்குப் போகிறவர் ஒலிம்பஸை எடுங்கள். கோயில் திருவிழா, வாவி, பறவை என்று அலைகிறவருக்குச் சொனி. கூடவே மேலதிக பற்றரி ஒன்றும்.