ஊரில் 'அன்லிமிடெட்' டேட்டா: வேகம் குறைந்தால் யாரிடம் கேட்பது?

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டு, விடுமுறை முடிந்த பிறகும் சில வாரங்கள் ஊரிலிருந்தபடியே அலுவலக வேலையைத் தொடரலாம் என்று எண்ணி வருபவர்களுக்கு, மற்ற எந்த வசதியைக் காட்டிலும் கைப்பேசி இணையத்தின் வேகமே பெரிய கவலையாக இருக்கிறது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் கூட்டம், கோடைகாலத்தில் கும்பகோணத்தில் மாலை ஆறரை மணிக்கு வருகிறது. தெருவில் உள்ள அத்தனை பேரும் வீடு திரும்பிக் கையில் போனை எடுக்கும் நேரமும் அதுதான். இந்த முறை ஊரில் இருந்தபோது அம்மாவின் பெயரில் உள்ள ப்ரீபெய்ட் எண்ணை ஹாட்ஸ்பாட்டாக வைத்துக்கொண்டு வேலை செய்தேன். வேகம் குறைந்தது தொடர்பாக நிறுவனத்தோடு நடந்த தகராறில் தெரிந்துகொண்டவற்றை, அடுத்து ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

அம்மாவின் எண்ணைப் பயன்படுத்தியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 2022-இல் வந்த 14-ஆம் வரிசையிலிருந்து சிம் அட்டை செருகும் இடமே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் இசிம் மட்டும்தான். ரீசார்ஜ் கடையில் சிம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று வருபவர்கள் இதை முன்கூட்டியே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் திட்டம் நாளொன்றுக்கு 2 ஜிபி தருவது. அழைப்புகளுக்கு வரம்பு இல்லை. டேட்டாவில் பாதி தீர்ந்ததும் ஒரு குறுஞ்செய்தி, தொண்ணூறு சதவீதத்தில் மற்றொன்று, முழுவதும் தீர்ந்ததும் இன்னொன்று வருகிறது. அதற்குப் பிறகு இணைப்பு அறுந்துவிடுவதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்து, நள்ளிரவு தாண்டியதும் பழைய நிலைக்கு வருகிறது. 64 கிலோபிட் என்பது நொடிக்கு எட்டு கிலோபைட். ஒரு எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்க இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகும். அந்த வேகத்தில் இருபத்துநான்கு மணி நேரமும் இடைவிடாமல் இறக்கிக்கொண்டே இருந்தாலும் 700 எம்பியைத் தொட முடியாது. ஆகவே, வரம்பு முடிந்த பின்னும் தொடர்கிறது என்று சொல்லப்படும் டேட்டாவுக்கும் கணக்கின்படி ஓர் உச்சவரம்பு இருக்கத்தான் செய்கிறது. வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்தக் குறைப்பை எதிர்த்து வாதிடுவதில் பயனில்லை என்பதே என் கருத்து. நிறுவனத்தின் செயலியிலும் திட்ட விவரத்திலும், சிறிய எழுத்தில்தான் என்றாலும், 64 கேபிபிஎஸ் என்று எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் இதே போன்ற வேகக் குறைப்புக்காக நடந்த ஒரு வழக்கின் அடிப்படையே வேறு. அங்கே ஏடி அண்ட் டி நிறுவனம், வரம்பற்ற திட்டம் என்று ஒப்பந்தம் போட்டவர்களில் 35 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு, சிலருக்கு மாதம் 2 ஜிபி தாண்டிய உடனேயே, போதிய அறிவிப்பின்றி வேகத்தைக் குறைத்தது என்று எஃப்டிசி எனப்படும் மத்திய வணிக ஆணையம் 2014-இல் வழக்குத் தொடுத்தது. 2019-இல் அது 6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தலைக்குக் கணக்குப் பார்த்தால் சுமார் 17 டாலர். வேகத்தைக் குறைக்கவே கூடாது என்று அந்தச் சமரசம் சொல்லவில்லை. குறைப்பதாக இருந்தால் அதைத் தெளிவாகத் தெரியும்படி சொல்லியாக வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு முன்பே, 2012-இல், கலிபோர்னியாவில் தனியாளாகச் சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போன ஒரு வாடிக்கையாளர் அதே நிறுவனத்திடமிருந்து 850 டாலர் பெறும்படி தீர்ப்பு வாங்கினார். எல்லோருக்குமாக ஆணையம் தொடுத்த வழக்கில் தலைக்குக் கிடைத்ததைவிடத் தனியாகப் போனவருக்கு அதிகம் கிடைத்தது என்பது யோசிக்க வேண்டிய செய்தி.

எனக்கு வந்த தகராறு வரம்பு முடிந்த பிறகு ஏற்பட்ட வேகக் குறைவைப் பற்றியது அன்று. பாதி டேட்டாகூடத் தீராத நிலையில், மாலை ஏழு மணியளவில் வேகம் ஒரு எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. அதே அறையில், அதே போனில், விடியற்காலையில் நாற்பதுக்கு மேல் காட்டியது. புகாருக்கான 198 என்ற எண்ணை அழைத்தபோது பேசியவர், "டெய்லி லிமிட் முடிஞ்சிருக்கும் சார், ஒரு டேட்டா பூஸ்டர் போட்டுக்கோங்க" என்றார். "பாதிகூடத் தீரலையே, நீங்களே பாருங்க" என்றதற்கு, போனை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார். பிறகு ஏரோபிளேன் மோட். அதற்கும் பிறகுதான் புகாரைப் பதிவு செய்து டாக்கெட் நம்பர், அதாவது புகாரின் பதிவு எண், கொடுத்தார். அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் அழைப்பை முடித்துவிட்டால், அதுவரை பேசியதெல்லாம் பதிவில்லாமல் போய்விடும். இணைப்பு அம்மாவின் பெயரில் இருந்ததால், சரிபார்ப்பதற்காக அவரையும் பேசச் சொன்னார்கள். "நெட்டு ஸ்லோவா இருக்குன்னு எம் பையன் சொல்றான்பா, அவன்கிட்டயே பேசு" என்று சொல்லிவிட்டு அம்மா போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

5ஜி விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, வரம்பற்ற 5ஜியைப் பெரும்பாலும் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் திட்டங்களோடு மட்டும் இணைத்துக்கொண்டன. ஆனால் போன் 5ஜியில் இருக்கும்வரைதான் அந்தச் சலுகை. தடித்த சுவர்கள் கொண்ட எங்கள் பழைய வீட்டில் திண்ணையில் 5ஜி என்று காட்டும் போன், கூடத்தைத் தாண்டி உள்ளே போனதும் 4ஜிக்கு இறங்கிவிடுகிறது. அங்கிருந்து ஓடுவதெல்லாம் அன்றாட 2 ஜிபி கணக்கில் கழிகிறது. இதைச் சரியாக விளக்கியது வாடிக்கையாளர் சேவை மையம் அன்று, முக்கில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் தம்பிதான். "லேப்டாப்பைத் திண்ணைக்குக் கொண்டாந்துடுங்கண்ணா, கம்ப்ளெயின்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்பது அவருடைய தீர்வு. மாலைக் கொசுக்கடி மட்டும் இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளத்தக்கதுதான்.

புகார் என்ற பெயரில் வெறும் "நெட் ஸ்லோ" என்று சொன்னால் யாரும் அசைவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வெளியிட்டுள்ள மைஸ்பீட் செயலியில், ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு நேரங்களில் வேகத்தை அளந்து, அன்றைய டேட்டா மீதியைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து எழுத்தில் அனுப்பிய பிறகே பதிலின் தொனி மாறியது. எங்கள் பகுதி டவரில் மாலை நேரங்களில் நெரிசல் இருப்பதாகவும், திறனை உயர்த்தும் பணி திட்டத்தில் இருப்பதாகவும் தெரிவித்தார்கள். எப்போது என்பதற்கு விடை இல்லை. புகார் முடித்துவைக்கப்பட்டதாக அன்று இரவே குறுஞ்செய்தியும் வந்துவிட்டது.

இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ட்ராய்க்கு எழுதினால் தீர்த்துவைப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. தனிநபர் புகார்களை ட்ராய் விசாரிப்பதில்லை. 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள்ளேயே ஒரு மேல்முறையீட்டு அமைப்பை வைத்திருக்க வேண்டும். டாக்கெட் நம்பரைக் குறிப்பிட்டுக் கட்டணமின்றி அங்கே முறையிடலாம்; 39 நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். விடுமுறையில் வந்தவர் விமானம் ஏறிய பிறகுதான் பெரும்பாலும் அந்த முடிவு வரும் என்பதால், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு விவரம் முழுவதையும் சொல்லி வைத்துவிட்டுப் போவது அவசியம்.

அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி, தொலைபேசித் தகராறுகள் நுகர்வோர் மன்றத்துக்கு வரக்கூடாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்து, நிறுவனங்கள் நீண்டகாலம் தப்பித்துக்கொண்டிருந்தன. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சேவைக்குக் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வாடிக்கையாளர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மாலை நேர நெரிசலைச் சேவைக் குறைபாடு என்று ஆணையம் ஏற்குமா என்பது, திட்டத்தை விற்றபோது வேகத்தைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்தது. எங்கள் திட்ட விவரத்தில் வரம்புக்குப் பிந்தைய வேகத்துக்கு எண் இருந்தது. வரம்புக்கு முந்தைய வேகத்துக்கு எந்த எண்ணும் இல்லை. மேல்முறையீட்டில் நான் அழுத்திக் கேட்டிருப்பதும் இதைத்தான்.

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அம்மாவுக்கு இனிக் கைப்பேசி பேசுவதற்கு மட்டும் போதும் என்பதால், ட்ராய் 2024 டிசம்பரில் கட்டாயமாக்கிய, டேட்டா இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டத்துக்கு அவர் எண்ணை அடுத்த ரீசார்ஜில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். மேல்முறையீடு இன்னும் நிலுவையில் உள்ளது. முடிவு வந்தால் அவர் போனுக்குத்தான் வரும். வந்ததும் படித்துக் காட்டும்படி கடைத் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.