முன்பணத்தைக் கூட்டுவதா, கையிருப்பைக் காப்பதா?

வீட்டைப் பார்த்து, விலை பேசி, வாங்குவதென்று முடிவான பிறகு ஒரு கேள்வி வந்து நிற்கும். சேர்த்து வைத்த பணம் முழுவதையும் முன்பணமாகப் போட்டுக் கடனை முடிந்தவரை குறைத்துக்கொள்வதா? இல்லை, வேண்டிய அளவு மட்டும் போட்டுவிட்டு, கொஞ்சம் கூடுதலாகக் கடன் வாங்கி, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள்வதா? நாங்கள் இரண்டாவது வழியில் போனோம். குடிவந்தும் ஆயிற்று. இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். அதனால் இந்த அலசலில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

கணக்கு எளிதாக இருக்க, வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 42. பதிவு, வரி, வழக்கறிஞர், கடன் பரிசீலனைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 10 போகிறது என்று கொள்வோம். இந்த 10-ஐப் பெரும்பாலும் கடனில் சேர்க்க விடமாட்டார்கள், கையிலிருந்துதான் போகும். மிஞ்சுவது 32. முதல் வழிக்காரர் 30-ஐ முன்பணமாகப் போட்டு 70 கடன் வாங்குகிறார். அவர் கையில் 2 நிற்கிறது. இரண்டாம் வழிக்காரர் 20 போட்டு 80 கடன் வாங்குகிறார். அவர் கையில் 12 நிற்கிறது.

முதல் வழியின் நியாயம் எல்லோருக்கும் தெரிந்ததே. கடன் குறைவு, தவணை குறைவு, வட்டி குறைவு. 80 கடனுக்கான தவணை 70 கடனுக்கான தவணையைவிட ஏழில் ஒரு பங்கு அதிகம். ஆண்டு வட்டி 8 சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால், கூடுதலாக வாங்கிய அந்த 10-க்கு மட்டும் கட்டி முடிக்கும் வட்டி ஏறக்குறைய இன்னொரு 10. வீட்டுப் பெரியவர்கள் "கடன் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுப்பா" என்று சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். அதில் பிழை எதுவும் இல்லை.

ஆனால் அந்தப் பயமுறுத்தும் எண், 10-ஐ இருபது ஆண்டும் கடனாகவே வைத்திருந்தால் வருவது. எங்கள் முடிவே இந்த இடத்தில்தான் உருவானது. கூடுதலாக வாங்கிய 10-ஐ ஓராண்டு மட்டும் வைத்திருந்து, வீட்டில் நிலைப்பட்ட பிறகு கடனில் திருப்பிக் கட்டிவிட்டால், அந்த ஓராண்டுக்குக் கட்டிய வட்டி 0.8-க்குச் சற்றுக் கீழே. கையிலிருக்கும் பணம் அந்த ஓராண்டில் எளிதில் எடுக்கக்கூடிய வைப்பில் 5 சதவீதம் ஈட்டினால் 0.5 திரும்பி வருகிறது. அதில் வரி போகக்கூடும். ஆகவே நிகரச் செலவு 0.3 முதல் 0.4 வரை, அதாவது வீட்டு விலையில் அரை சதவீதம்கூட இல்லை. வீடு மாறும் அந்த நிலையில்லாத ஆண்டுக்கு இதை ஒரு காப்பீட்டுக் கட்டணம் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மறுபக்கத்தைப் பாருங்கள். முதல் வழிக்காரரின் கையில் இருப்பது 2. குடிபோன சில மாதங்களில் கூரை ஒழுகுகிறது, அல்லது வேலை போகிறது, அல்லது வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை. 5 தேவைப்படுகிறது. சுவருக்குள் போட்ட பணத்தைச் சுவரிலிருந்து எடுக்க முடியாது. வீட்டுக்கடன் மேல் கூடுதல் கடன் கேட்கலாம்தான். அதற்கு மறுபடி விண்ணப்பம், மறுபடி மதிப்பீடு, மறுபடி காத்திருப்பு. வேலை போய்விட்டதால் கேட்கிறோம் என்றால் கொடுக்கவும் மாட்டார்கள். கடைசியில் தனிநபர் கடன்தான் கிடைக்கும். 14 சதவீத வட்டி, மூன்று ஆண்டு என்று வைத்தால், அதே 5-க்கு மாதத் தவணை வீட்டுக்கடனில் வருவதைப்போல நான்கு மடங்கு. வட்டி விகிதம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, தவணை மட்டும் ஏன் இப்படி ஏறுகிறது? காலம் குறுகியது என்பதால். நெருக்கடியில் இருக்கும் குடும்பத்தின் கழுத்தை நெரிப்பது மாதா மாதம் எடுத்து வைக்கவேண்டிய தொகை. மொத்த வட்டியை அந்த நேரத்தில் யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை.

வீட்டுக்குள் பணம் எந்த நேரமும் போகும். வெளியே வருவது கடன் கொடுப்பவரின் மனதைப் பொறுத்தது. இரண்டு வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்று நினைக்கிறேன். அதிகக் கடன் வாங்கியவர் பிறகு குறைத்துக்கொள்ளலாம். குறைவாக வாங்கியவர் அவசரத்தில் கூட்டிக்கொள்வது கடினம்.

இது என் சொந்தப் பயம் மட்டும் இல்லை. ஜேபி மார்கன் சேஸ் என்ற அமெரிக்க வங்கியின் ஆய்வுப் பிரிவு 2019-இல் அமெரிக்க வீட்டுக்கடன்களை வைத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வீட்டு மதிப்பில் கடன் போக மிஞ்சும் சொந்தப் பங்கு அதிகமாகவும் கையிருப்பு மிகக் குறைவாகவும் இருந்தவர்கள், பங்கு குறைவாகவும் கையிருப்பு அதிகமாகவும் இருந்தவர்களைவிட அதிகமாகத் தவணை தவறினார்கள் என்பது அதில் கண்டது. ஒரு நாட்டின் தரவு என்பதால் எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் நாங்கள் தயங்கி நின்ற நேரத்தில் அது தைரியம் கொடுத்தது.

கையிருப்பு எவ்வளவு வேண்டும்? மேலே சொன்ன 12-ஐ நாங்கள் பிரித்த விதத்தைச் சொல்கிறேன். 80 கடனுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 0.67. ஆறு தவணைக்கு 4. இந்த 4-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அதைப் பற்றி வீட்டில் பேசுவதையே நிறுத்திவிட்டோம். மிச்சம் 8-இல்தான் குடிமாறும் செலவு, வீட்டு வேலைகள், அன்றாடக் குடும்பச் செலவுக்கான ஒதுக்கீடு எல்லாம். தனிக் கணக்கு என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டாம் வழியின் பெரிய பலவீனம் அங்கேதான் இருக்கிறது. புது வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய சோபா திடீரென்று அசிங்கமாகத் தெரியும். சமையலறை அலமாரிக்காரர் இன்னும் ஒரு வரிசை போடலாம் என்பார். கையில் 12 இருக்கிறது என்று தெரிந்தால் அது கரைந்துவிடும். கரைந்துபோனால் கூடுதல் கடன் மட்டும் மிஞ்சும், முதல் வழியைவிட மோசமான இடத்தில் நிற்போம். பணத்தைத் தொடாமல் வைத்திருக்கத் தன்னால் முடியாது என்று தெரிந்தவர் முதல் வழியில் போவதுதான் நல்லது. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

இன்னும் சில இடங்களில் முதல் வழிக்கே என் ஓட்டு. கடன் தொகை வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டினால் பல இடங்களில் வட்டி கூடும், அல்லது கடன் காப்பீடு கட்டச் சொல்வார்கள். அந்தக் கோட்டைத் தாண்டுவதாக இருந்தால் என் கணக்கு மாறிவிடும். நிலையான வட்டிக் கடன்களில் முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவது உண்டு. அபராதம் இருந்தால் ஓராண்டில் திருப்பிக் கட்டுவோம் என்ற என் வாதமே பாதி உடைந்துபோகும். கையெழுத்துப் போடும் முன் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்களுக்கும் தவணை சிறிதாக இருப்பதே முக்கியம்.

மதிப்பீட்டு விஷயமும் உண்டு. பேசிய விலை 100 ஆனாலும், கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டாளர் 95 என்று எழுதிவிட்டால் 80 சதவீதம் என்பது 76 ஆகிவிடும். 80 எதிர்பார்த்தவர் கையிலிருந்து இன்னும் 4 போடவேண்டும். 70 மட்டும் கேட்டவருக்கு இந்தத் தலைவலி கிடையாது. இரண்டாம் வழியில் போகிறவர்கள் மதிப்பீட்டு அறிக்கை வரும்வரை கையிருப்பிலிருந்து எதற்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

சில நிறுவனங்கள் வீட்டுக்கடனோடு இணைந்த கணக்கு ஒன்றைத் தருகின்றன. அதில் போட்டு வைக்கும் பணத்தின் அளவுக்கு வட்டி கணக்கிடமாட்டார்கள், வேண்டும்போது எடுத்தும் கொள்ளலாம். கிடைத்தால் இந்தச் சண்டையே பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு வட்டி விகிதம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது வழக்கம், கூட்டிக் கழித்துப் பார்க்கவேண்டும். நான் அதைப் பயன்படுத்தியதில்லை, அதனால் இதற்கு மேல் அடித்துச் சொல்லவில்லை.

குடிமாறுவதிலும் இதே கையிருப்புதான் வேலை செய்கிறது. பழைய வீட்டைக் காலி செய்த அன்றே புது வீட்டில் ஏறுவது சிக்கனமாகத் தெரியும். வாடகையும் தவணையும் ஒரே மாதத்தில் கட்டக் கூடாது என்பது பலருடைய பிடிவாதம். ஆனால் கடன் தொகை விடுவிக்கப்படும் நாள் தள்ளிப்போகும், விற்பவர் சாவி கொடுக்கும் நாள் தள்ளிப்போகும். வீட்டுக்காரருக்குக் காலி செய்வதாகச் சொன்ன தேதி மட்டும் தள்ளிப்போகாது. நாங்கள் வேண்டுமென்றே ஒரு மாதம் இரண்டு வீட்டையும் வைத்துக்கொண்டோம். அந்த ஒரு மாத வாடகையை வீண் என்று நான் நினைக்கவில்லை. கையில் 2 மட்டும் இருந்திருந்தால் அந்த மாதம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

காலி வீட்டில் நடக்கும் வேலையும் சாமான் நிறைந்த வீட்டில் நடக்கும் வேலையும் ஒன்றல்ல. பெயின்ட் அடிப்பது, சுவரில் துளை போடுவது, தரையைத் தேய்ப்பது, கரையான் மருந்து அடிப்பது எல்லாம் ஆளில்லாத வீட்டில் பாதி நேரத்தில் முடியும். குழந்தைகள் அந்தத் தூசியைச் சுவாசிக்க வேண்டியதில்லை. எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிட்டுத் தண்ணீர் அழுத்தமும் வடிகாலும் தாங்குகிறதா என்று பார்க்கலாம். இரவில் ஒருமுறை போய் உட்கார்ந்தால் தெருவின் சத்தமும் வெளிச்சமும் புரியும். வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் மூன்றின் அகலத்தையும் அளந்து, எந்த பீரோ நுழையும், எதைக் கழற்றவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

மற்றவை சில வரிகளில் அடங்கும். சாவி கைக்கு வந்த அன்றே பூட்டுகளை மாற்றுங்கள். மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து வையுங்கள், பழைய பாக்கி யாருடையது என்ற பேச்சு வராது. வீட்டுக் காப்பீடு வீடு உங்கள் பொறுப்புக்கு வரும் நாளிலிருந்தே நடைமுறையில் இருக்கவேண்டும், குடியேறும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாமான் ஏற்றுபவர்கள் நேரில் வந்து பார்த்துச் சொன்ன தொகையையே நம்புங்கள். மாதக் கடைசியில் அவர்களுக்குக் கிராக்கி அதிகம், நடுவில் ஒரு வார நாள் கிடைத்தால் நல்லது. குளிர்சாதனப் பெட்டியை நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்க வைத்திருந்தால் கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கும்வரை சில மணி நேரம் விட்டுத்தான் இயக்கவேண்டும். வீட்டுப் பத்திரங்களும் நகைகளும் லாரியில் போகக் கூடாது.

எங்களுக்கு மாதச் சம்பள வருமானம். வரும் நாள் தெரியும், தொகை தெரியும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஆறு தவணை போதாது, இன்னும் கூடுதலாக இருப்பு வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவன் இல்லை நான். மாறும் வட்டிக் கடனில் விகிதம் நன்றாக ஏறும் காலத்தில் 80 கடன் 70-ஐவிட வலிக்கும் என்பதும் உண்மை. 8 சதவீதம் 10 ஆனால் 80-க்கான தவணை 0.67-இலிருந்து 0.77 ஆகும். எங்கள் கடனில் அவ்வளவு பெரிய ஏற்றத்தை இதுவரை நாங்கள் பார்க்கவில்லை.

திருப்பிக் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொத்தமாக ஒரு தொகை கட்டினால், தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா என்று கேட்பார்கள். மேலே சொன்ன கணக்கில் கூடுதலாக வாங்கிய 10-இல் ஓராண்டு முடிவில் மிச்சமிருக்கும் ஏறக்குறைய 9.8-ஐத் திருப்பிக் கட்டிவிட்டு, பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் கடன் இருபதாம் ஆண்டுக்குப் பதில் பதினைந்தரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். முதல் வழிக்காரரும் மாதாமாதம் கூடுதலாகக் கட்டினால் இதே இடத்துக்கு வரலாம், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்குப் பெரிய தவணையே பழகிவிட்டதால் அதைத் தொடர்வது இயல்பாக இருக்கிறது.

பழைய வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்ததும் அதை அப்படியே கடனில் கட்டினோம். காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். ஆறு தவணைக்கான தொகை அதே தனிக் கணக்கில் இருக்கிறது. வேலைகள் எல்லாம் முடிந்து 8-இல் எவ்வளவு மிஞ்சுகிறதோ, அடுத்து அதுவும் கடனுக்குத்தான் போகிறது.