காரைக்குடியில் ஒரு நல்ல விருந்து: பங்களாவா, விசாலமா, சிதம்பர விலாஸா?

காரைக்குடிக்கு ஒரு நாள் பயணமாக வரும் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கொஞ்சம் செலவானாலும் சரி, செட்டிநாட்டுச் சாப்பாட்டை அதற்குரிய முறையோடு எங்கே சாப்பிடலாம்?" நான் சொல்வது மூன்று இடங்களை. மூன்றுமே பழைய செட்டிநாட்டுக் கட்டடங்களில் நடக்கும் விடுதிகள்.

ஊருக்குள்ளேயே இருப்பது 'பங்களா' என்ற விடுதி. மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி தன் குடும்பத்துப் பழைய பங்களாவை விடுதியாக்கினார். இங்கே மதியச் சாப்பாடுதான் விசேஷம். வாழையிலை போட்டு ஒவ்வொன்றாகப் பரிமாறுவார்கள். செட்டிநாடு என்றாலே காரம் என்று நினைத்து வருபவர்களுக்கு இந்த இலை நல்ல பதில். மிளகும் சோம்பும் கல்பாசியும் தனித்தனியாகத் தெரியும், ஆனால் நாக்கு எரியாது. வெண்டைக்காய் மண்டி கிடைத்தால் விடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி சேர்த்துச் செய்யும் அந்தப் பக்குவத்தைச் சாதாரண மெஸ்களில் காண்பது அரிது. இங்கே செட்டிநாட்டு வகைகளுக்கு நடுவே ஆங்கிலோ இந்தியச் சமையலின் சாயலும் எட்டிப் பார்க்கும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், கடல் கடந்து தொழில் செய்த வீடுகளின் சாப்பாட்டு மேசை அப்படித்தான் இருந்தது.

சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, கானாடுகாத்தானில் இருக்கிறது விசாலம். ஒரு தந்தை தன் மகளுக்காகக் கட்டிய வீடு. இப்போது சிஜிஎச் எர்த் என்ற விடுதி நிறுவனம் நடத்துகிறது. மற்ற செட்டிநாட்டு வீடுகளைப் போலத் தேக்குத் தூண்கள் நிறைந்து இராமல், ஆர்ட் டெகோ என்னும் இருபதாம் நூற்றாண்டு மேற்கத்தியக் கட்டடப் பாணியில் வெளிச்சமாக இருக்கும். சமைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். மசாலா அரைபடும் வாசனையிலேயே பாதிப் பாடம் புரிந்துவிடும். வீட்டில் சமைப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்கு இது சரிவராது. ஓர் இரவு தங்கினால்தான் இந்த வீடு பிடிபடும்.

சிதம்பர விலாஸ், புதுக்கோட்டை மாவட்டம் கடியாபட்டியில், திருமயத்துக்கு அருகே. வளவும் (உள்முற்றம்) முகப்பும் தூண்களுமாக நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டின் பிரமாண்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மூன்றில் இதுதான். திருமயம் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழியும் தோதாக இருக்கும்.

சாப்பாட்டை மட்டும் வைத்துச் சொன்னால் நான் பங்களா பக்கம்தான். ஒரே ஒரு மதிய வேளைதான் கையில் இருக்கிறது என்றால் யோசிக்காமல் அங்கே போங்கள். வயதானவர்களை அழைத்து வந்திருந்தாலும் அதுவே வசதி, ஊரை விட்டு அலைய வேண்டாம்.

எங்கே போனாலும் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். வருகிறவர்களின் எண்ணிக்கை பார்த்துச் சமைக்கும் இடங்கள் இவை. ஒருமுறை இந்த ஊர்ப் பக்கம் ஓரிடத்துக்குச் சொல்லாமல் போய், பசியோடு திரும்பியிருக்கிறேன். அப்புறம், போன் செய்யும்போதே கவுனி அரிசி இனிப்பு உண்டா என்று கேளுங்கள். பர்மாவிலிருந்து செட்டிநாட்டுக்கு வந்த கறுப்பு அரிசி அது. ஊறுவதற்கும் வேகுவதற்கும் நெடுநேரம் பிடிக்கும், இலை போட்ட பிறகு கேட்டால் செய்து தர முடியாது.