ஹெசூஸ் நவாஸ்: வலது ஓரத்தில் 21 வருடம், கையில் ஒரே வித்தை

வலது டச்லைனை (மைதானத்தின் பக்கக்கோடு) ஒட்டிப் பந்தை வாங்குவது, எதிரே நிற்கும் ஃபுல்பேக்கை (ஓரத் தடுப்பாளர்) வெளிப்பக்கமாகத் தாண்டுவது, வலக்காலால் கிராஸ் போடுவது, அதாவது ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தை அனுப்புவது. 2003 நவம்பரில் ஸ்பெயினின் கால்பந்து கிளப்பான செவியாவின் முதல் அணியில் இறங்கி 2024 டிசம்பரில் ஓய்வு பெறும்வரை நவாஸ் செய்தது ஏறக்குறைய இவ்வளவுதான். இடக்கால் பேருக்குத்தான். 1.72 மீட்டர் உயரத்தில் தலையால் அடிக்கும் ஹெட்டரையும் எதிர்பார்க்க முடியாது. கோல் கணக்கும் ஒல்லி: ஸ்பெயினுக்கு 56 ஆட்டத்தில் 5, இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்கு 183-இல் 8. ஆனால் செவியாவுக்கு மட்டும் 705 ஆட்டம், அந்த கிளப்பில் வேறு யாரும் இவ்வளவு ஆடியதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆளை எடை போட முடியும்.

முதலில் வித்தை. பழைய வீடியோ கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு அவர் கால்களைப் பாருங்கள். பந்து வந்ததும் ஓட மாட்டார். அநேகமாக முழுசாக நிற்பார். ஃபுல்பேக்கும் நின்றாக வேண்டும், அதுதான் பொறி. பிறகு வலக்காலின் வெளிப்புறத்தால் பந்தைக் கோல் லைன் பக்கம் தள்ளிவிட்டுப் பாய்வார். நின்ற இடத்திலிருந்து முதல் நான்கைந்து எட்டில் அவரைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். தடுப்பாளரை முழுசாகக் கடக்கவும் தேவையில்லை. கால் வீச அரை அடி இடம் கிடைத்தால் கிராஸ் போய்விடும். தாழ்வாக, வேகமாக, கோலிக்கும் சென்டர் பேக்குக்கும் (நடுத் தடுப்பாளர்) நடுவில்.

கோளாறும் அங்கேயேதான். அனுபவமுள்ள லெஃப்ட் பேக் (எதிரணியின் இடது ஓரத் தடுப்பாளர்) டச்லைன் பக்கத்தை அடைத்து நின்று, 'உள்ளே போ' என்று வழி விடுவார். உள்ளே வெட்டினால் பந்து இடக்காலுக்கு வரும்; நவாஸ் பின்னால் பாஸ் கொடுத்துவிடுவார். இதற்கு மாற்று, அவருக்கு வெளியே ஓடி வர இன்னொரு ஆள். செவியாவில் அந்த ஆள் ரைட் பேக் (வலது ஓரத் தடுப்பாளர்) டானி ஆல்வெஸ். ஒருவரை அடைத்தால் மற்றவர் போய்விடுவார். பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பகுதி) முன்கள வீரர்கள் கனூட்டேயும் லூயிஸ் ஃபாபியானோவும். 2006, 2007 யுஇஎஃப்ஏ கோப்பைகளை அடுத்தடுத்து வென்ற அந்த அணிதான் இந்த வித்தைக்கு அளவெடுத்துத் தைத்தது. 2007 இறுதி ஆட்டத்தில் எஸ்பான்யோலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் கனூட்டே அடித்த கோல் நவாஸின் கிராஸில் வந்ததுதான்.

2013-இல் சிட்டிக்குப் போனார். அதற்கு முன்பே வெளியே போகும் வாய்ப்புகள் வந்தன. ஆனால் வீட்டைவிட்டு நாள் கணக்கில் தள்ளியிருந்தால் பதற்றம் தாக்கும் பிரச்சினை இளவயதில் அவருக்கு இருந்தது. தேசிய அணியில் முதல் ஆட்டம் 2009 நவம்பர் வரை தள்ளிப்போனதற்கும் அதுதான் காரணம். அதைச் சரிசெய்துகொண்டு நான்கு வருடம் இங்கிலாந்தில் ஆடியதைக் கோப்பைகளுக்குச் சமமாகவே வைக்க வேண்டும்.

தொடக்கம் அமர்க்களம்: டாட்டன்ஹாமுக்கு எதிராக 14-ஆவது விநாடியில் கோல், அந்த சீசனிலேயே பிரீமியர் லீக் பட்டம். அப்போது பாக்ஸில் உயரமான முன்கள வீரர்கள் ஜெக்கோவும் நெக்ரெடோவும் இருந்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் இருவருமே கிளம்பிவிட, பெரும்பாலும் மிச்சம் இருந்தது காலடியில் பந்து கேட்கும் குட்டை உருவ அகுவேரோ. பரிமாறுகிறவர் அதேபோலத்தான் பரிமாறினார், பந்தியில் ஆளில்லை. இங்கிலாந்தில் 'கிராஸ் போடத் தெரியாதவர்' என்று கேலி செய்தவர்கள் இந்தப் பாதியைக் கணக்கில் எடுப்பதில்லை. கோலுக்கு முன்னால் நின்றால் தடுமாறுவார் என்ற குறை மட்டும் நியாயம்.

கடைசி சிட்டி சீசனில் பயிற்சியாளர் கார்டியோலா அவரை ரைட் பேக்காகப் போட்டுப் பார்த்தார். 2017-இல் செவியா திரும்பிய பிறகு அதுவே நிலையான வேலையாகிவிட்டது. இது பதவி இறக்கம் இல்லை. இருபது மீட்டர் பின்னால் நின்றால் பந்து வரும்போது எதிரே வெற்றிடம் இருக்கும்; நின்று ஏமாற்ற வேண்டியதில்லை, ஓடி வந்த வேகத்திலேயே கிராஸ் போடலாம். முப்பதைத் தாண்டிய விங்கருக்கு (ஓர முன்கள வீரர்) முதலில் குறைவது அந்த முதல் எட்டுதான். 2020 யூரோப்பா லீக் அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டை வீழ்த்திய லூக் டி யோங் கோல், 2023 இறுதி ஆட்டத்தில் ரோமாவின் மான்சினி தன் வலைக்குள்ளேயே தள்ளிய கோல், இரண்டுக்கும் பந்து போட்டவர் இந்த ரைட் பேக்தான். இரண்டாவது 37 வயதில்!

ஒரே ஆட்டம் பார்க்க நேரமிருப்பவர்களுக்கு 2024 யூரோ அரையிறுதி, ஸ்பெயின்–பிரான்ஸ். வழக்கமான ரைட் பேக் கார்வஹாலுக்குத் தடை, அதனால் 38 வயது நவாஸ் எம்பாப்பேவுக்கு எதிரில். ஒன்பதாவது நிமிடத்தில் எம்பாப்பேவை நெருங்கத் தயங்கித் தள்ளி நிற்கிறார். நிதானமாக கிராஸ், கோலோ முவானி தலையால் கோல். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் அட்டையும். ஆனால் 25-ஆவது நிமிடம் வலது ஓரத்திலிருந்து அவர் போட்ட கிராஸை பிரான்ஸ் அரைகுறையாக வெளியேற்ற, டானி ஓல்மோ அதை எடுத்து இரண்டாவது கோல். 58-இல் மாற்றிவிட்டார்கள். பலமும் ஓட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

2010 உலகக் கோப்பை இறுதியை எல்லோரும் வெற்றி கோல் அடித்த இனியெஸ்தாவுக்காகப் பார்ப்பார்கள். 116-ஆவது நிமிட கோலைக் கொஞ்சம் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்: பெத்ரோவுக்குப் பதிலாக வந்த நவாஸ், தன் பாதியில் பந்தை எடுத்து நெதர்லாந்து ஆட்களுக்கு நடுவே ஓடுகிற இடத்தில்தான் அந்த நகர்வு தொடங்குகிறது. வழக்கமாக இத்தனை தூரம் உள்ளே வராதவர் என்பதால் தனியாகத் தெரியும்.

பயிற்சியாளர்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் 2006–08 ஆட்டங்களை எடுங்கள். நின்று பாயும் அந்த முதல் எட்டு அங்கேதான் தெளிவு. இடக்காலுக்கு வேறு விங்கரின் வீடியோவைத் தேடிக்கொள்ளுங்கள். கடைசி 2024 சீசனை வைத்து மட்டும் மதிப்பிட வேண்டாம். கடைசி நான்கு வருடம் இடுப்பு மூட்டு வலியோடு ஆடியவர். சில ஆட்டங்களில் ஓடி முடித்து நடக்கும் விதத்திலேயே அது தெரியும்.