நெஞ்செரிச்சலுக்கு இரண்டு மருந்துச் சீட்டு

இரண்டு வருடமாக நெஞ்செரிச்சல். இரவில் படுத்தால் போதும், புளிப்பு தொண்டை வரைக்கும் ஏறி வரும். நான் இருக்கும் நாட்டில் குடும்ப மருத்துவர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை எழுதிக் கொடுத்து, எண்டோஸ்கோப்பிக்கு வரிசையில் போட்டார். தேதிதான் வந்தபாடில்லை. சரி, ஊருக்குப் போகும் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முடிந்தது. வயிறு, குடல் நிபுணரைப் பார்த்த மூன்றாம் நாளே குழாய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. உணவுக்குழாயின் அடியில் லேசான புண், வேறொன்றும் இல்லை. ஆனால் டாக்டர் அறிக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "அதே மாத்திரை, 8 வாரம்" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாத்திரையை எப்போது போடுகிறேன் என்று கேட்கவில்லை.

கேட்டவர், அம்மா பிடிவாதமாக அழைத்துப்போன சித்த மருத்துவர். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், குன்மம் என்றார், சித்தத்தில் வயிற்றுக் கோளாறுக்குச் சொல்லும் பெயர். அப்புறம், "இங்கிலீஷ் மருந்து எப்போ சாப்பிடுறீங்க?" படுக்கப் போகும்போது என்றேன். சிரித்துவிட்டார். சாப்பிடும்போதுதான் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் முழுவீச்சில் வேலை செய்யுமாம். அந்த நேரத்தில் மருந்து உடம்பில் தயாராக இருக்க வேண்டும், அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள் என்றார். இரண்டு வருடம் வீணாகப் போட்டிருக்கிறேன்!

அவர் கொடுத்தது சங்கு பற்பம். சங்கைப் புடம் போட்டு எடுத்த வெள்ளைப் பொடி. ஒரு சிட்டிகை நெய்யில் குழைத்துச் சாப்பிட வேண்டும். நான் பையிலேயே வைத்திருக்கும், மென்று தின்னும் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன்: கால்சியம் கார்பனேட். இரண்டும் சுண்ணாம்புச் சரக்குதான். எரிச்சல் சட்டென்று அடங்கும், கொஞ்ச நேரத்துக்கு. புண் ஆற வேண்டுமென்றால் நான் ஒமெப்ரசோல் பக்கம்தான்.

அடுத்து அதிமதுரம் எழுதப்போனவர் பேனாவை நிறுத்தி, "பிரஷர் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றதும் எழுதாமல் விட்டுவிட்டார். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று கேட்கும் என் அத்தைக்கு இதைச் சொல்லியாக வேண்டும். (பக்கத்துத் தெருவில் இன்னொருவர் பெயர் ஒட்டாத டப்பாவில் சூரணம் தந்தார். என்ன சரக்கு என்றால், பரம்பரை ரகசியமாம். வாங்காமல் வந்துவிட்டேன்.)

வீட்டுக்கு வந்து இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிபுணரின் சீட்டில் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைத்தான் சித்த மருத்துவர் கைப்பட எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்: இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி, கட்டிலின் தலைப்பக்கம் உயரட்டும்.

தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்குகிறது. அன்று சாயங்காலமே அப்பா கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் செருகிக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக விடியும்வரை தூங்கினேன், கால்மாட்டுக்குச் சரிந்து போய்.